வில்லங்கம் இல்லாத தேதி

தலைக் கிறிஸ்துமஸுக்கு வந்த மகளையும் மருமகனையும் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிவிட்டேன். தப்பு அதுதான். ஊர் சொல்லுகிற தப்பு. நான் இன்னும் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை.

உட்காரும். அதில் வேண்டாம், அது ஆடும். இதில் உட்காரும். உம்முடைய டோக்கன் முப்பத்தொன்று. எதிரே ரிஜிஸ்டர் ஆபீஸில் இப்போதுதான் ஒன்பதைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக மேலே அண்ணாந்து பார்த்துக் கேட்டீர், ஆடி மாசத்தில் இந்த வீட்டு வாசலில் எதற்கு ஸ்டார் தொங்குகிறது, யார் கட்டினது என்று. வருகிறவன் எல்லாம் கேட்கிறான். சொத்து எழுத வந்தவனுக்கு ஸ்டாரைப் பற்றி என்ன? சரி, சொல்லித் தொலைக்கிறேன். நடுவில் பேசக் கூடாது, பேசினாலும் மெதுவாக.

பெயர் ஏசுவடியான். பத்திர எழுத்தர். நாற்பத்திரண்டு வருஷமாக இந்த முன்னறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முன்னால் ஆபீஸ், பின்னால் வீடு. என் தொழிலில் கேள்வி ஒன்றுதான். மூலப்பத்திரம் எங்கே? நீர் யாரிடம் வாங்கினீர், அவன் யாரிடம் வாங்கினான், அவனுக்கு முன்னால் யார் ஆண்டது. அது தெரியாமல் நான் பேனாவைத் திறக்கமாட்டேன். நீர்கூட உம் அப்பா வீட்டுக்கு மூலப்பத்திரம் இல்லை என்று தலையைச் சொறிந்துகொண்டுதானே வந்திருக்கிறீர். அதைப் பிறகு பார்ப்போம்.

போன வருஷம் செப்டம்பரில் ஒரு சாயங்காலம் வேதம் வாசித்துக்கொண்டிருந்தேன். இயேசு பிறந்தபோது மேய்ப்பர்கள் ராத்திரியில் வயல்வெளியில் மந்தை காத்தார்கள் என்று வருகிற இடம். அறுபத்தேழு வருஷமாகக் கேட்ட இடம்தான். அன்றைக்கு ஏனோ உறைத்தது. அந்த ஊரில் டிசம்பரில் நல்ல குளிராமே. குளிரில் எவன் ஆட்டை வெளியே போட்டுக் காப்பான்? சரி, தேதி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன். நாலு சுவிசேஷத்திலும் இல்லை. மாதம் இல்லை, நாள் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மறுநாள் ஐயரிடம் போனேன். ஐயர் என்றால் பூணூல் ஐயர் இல்லை, எங்கள் சபைப் போதகர். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். சின்ன வயசு. நல்ல பையன்தான், படித்தவன், அதுதான் கோளாறு. டிசம்பர் இருபத்தைந்துக்கு மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டேன். சிரித்தார். அந்தக் காலத்தில் ரோமாபுரிக்காரர்கள் அந்த நாளில் சூரியனுக்குத் திருவிழா எடுத்தார்கள், சபை பிற்பாடு அந்த நாளை எடுத்துக்கொண்டது என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள் என்றார். அப்படி இல்லை, மார்ச்சில் கர்ப்பம் தரித்ததாக வைத்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்று வேறு சிலர் சொல்லுகிறார்களாம். எது எப்படி இருந்தாலும் இப்போது நம் எண்ணம் என்ன என்பதுதான் முக்கியம் அண்ணாச்சி என்றார்.

எண்ணம். எண்ணத்தை வைத்து எவனாவது பத்திரம் பதிவு பண்ணுவானா? இவன் ஒரு கதை சொல்லுகிறான், அவன் ஒரு கதை சொல்லுகிறான் என்றால் அந்தச் சொத்துக்கு வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். நான் பார்த்த வழக்குகளில் பாதி அப்படித்தான் முளைத்தது.

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் மூலப்பத்திரம் தேடினேன். நவம்பர் கடைசியில் சபையில் ஜோடனை ஆரம்பித்தார்கள். சவுக்கு மரக் கிளையை வெட்டிக் கொண்டுவந்து மண் தொட்டியில் நட்டு, அதன்மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டினார்கள். என்ன என்று கேட்டால் பனியாம். பாளையங்கோட்டையில் எவன் பனியைக் கண்டான்? இங்கே விழுந்தது ஆலங்கட்டி, அதுவும் இரண்டு தடவை. சிவப்புக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு கொயர் மாஸ்டர் மிட்டாய் கொடுக்கிறார். வேர்த்து ஊற்றுகிறது. தாடிப் பஞ்சு கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அவரைப் பார்த்துக் கும்பலாகக் கைதட்டுகிறார்கள். பெத்லகேமில் இந்த ஆளை யார் பார்த்தது? சீ.

ஒரு வில்லங்கச் சான்று தயார் பண்ணினேன். முறைப்படி. சொத்து விவரம், டிசம்பர் இருபத்தைந்து. மூல உரிமையாளர், சூரியன். தற்போது அனுபவிப்பவர், நாம். கிரயப் பத்திரம், இல்லை. தானப் பத்திரம், இல்லை. ஆகவே மேற்படி நாள் ஆக்கிரமிப்பு. என் கைப்பட அழகாக எழுதி, சபை அறிவிப்புப் பலகையில் நானே குண்டூசி குத்தினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் நின்று வாசித்தார்கள். வாசித்தவன் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வெட்கத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஐயர் மட்டும் சிரிக்காமல் தாளின் மேல் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அவருக்கும் உறைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் சொல்லிவிட்டேன். இந்த வருஷம் ஸ்டார் கிடையாது, கேக் கிடையாது, அதிரசம் முறுக்கு கிடையாது, புதுத்துணி கிடையாது. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று வைத்துக்கொண்டேன். நாற்பத்தொரு வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொள்ளுகிறேன்.

இதில்தான் தலைக் கிறிஸ்துமஸ் வந்து மாட்டிக்கொண்டது. உங்கள் வீட்டில் தலைத் தீபாவளி இருக்கிறதல்லவா, கல்யாணம் ஆன முதல் வருஷம் பெண்ணும் மாப்பிள்ளையும் மாமனார் வீட்டுக்கு வருவது? எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து அப்படியே காப்பி அடித்து, தலைக் கிறிஸ்துமஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இரண்டு தடவை ஆக்கிரமிப்பு. நாள் ரோமாபுரிக்காரனுடையது, முறை பக்கத்து வீட்டுக்காரனுடையது. என் மகள் பெர்சிஸுக்கு மே மாதம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. ஒரே மகள். நாசரேத்தில் கொடுத்திருக்கிறேன். நம்ம நாசரேத்துதான், சாத்தான்குளம் போகிற வழியில் இருக்கிறதே அது. மருமகன் கிங்ஸ்லி பாங்கில் வேலை. அவன் அம்மா அன்னபாக்கியம் ரிட்டயர் ஆன டீச்சர். புருஷன் இல்லை. அந்த அம்மாதான் அங்கே எல்லாம்.

சம்பந்தியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முழு வெள்ளைத்தாளில், ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு. கிறிஸ்துமஸுக்கு வேத ஆதாரம் இல்லை. தலைக் கிறிஸ்துமஸுக்குச் சுத்தமாக இல்லை. புறஜாதியார் வழக்கத்தை விசுவாசி கைக்கொள்ளலாகாது. ஆகவே பிள்ளைகளை அனுப்ப வேண்டாம், ஜனவரியில் சும்மா வரட்டும் என்று. வீட்டுக்காரியிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். வாங்கி வாசித்தாள். தாளின் மேல்புறத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடித்து ஒட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

பதில் வரவில்லை. சரி, அங்கேயும் சம்மதம்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் நாலரை மணி. ஆட்டோ வந்து நிற்கிறது. மருமகன் கையில் கேக் பெட்டி. பெர்சிஸ் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு. நான் கேட்டுக்குப் போனேன். திறக்கவில்லை. என் மகள் வீட்டுக்கு வருவதில் எனக்கு என்ன ஆட்சேபணை? ஆனால் நோக்கம் தெரிய வேண்டும். எதற்காக வந்திருக்கிறீர் என்று மருமகனிடம் கேட்டேன். சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். மாமாவுக்கு உடம்பு எப்படி என்று வந்தோம் என்றாலும் திறந்திருப்பேன். அந்த ஆள் பொய் சொல்லத் தெரியாத ஆள்.

"தலைக் கிறிஸ்துமஸுக்குத்தான் மாமா. அம்மாதான் போங்கன்னு அனுப்பினா."

அப்படியானால் இல்லை என்றேன்.

ஆட்டோக்காரன் இன்னும் போகவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அங்கே என்ன வேலை? பெர்சிஸ் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். நிலைக்கு மேலே பார்த்தாள். அங்கே ஓர் ஆணி இருக்கிறது, நீர் இப்போது பார்க்கிறீரே, அதேதான். முப்பது வருஷம் ஸ்டார் தொங்கின ஆணி. அவள் பிறந்த வருஷம் நான் அடித்தது.

"ஆணியை மட்டும் ஏன்ப்பா விட்டுவச்சிருக்கீங்க?" என்றாள்.

நான் ஆணியை அண்ணாந்து பார்த்தேன். குனிவதற்குள் அவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள். கேக் பெட்டியை மருமகன் மதில்மேல் வைத்துவிட்டுப் போனான். வீட்டுக்காரி பின்னால் நின்றிருக்கிறாள், எப்போது வந்தாள் தெரியாது. மதிலண்டை போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதைத் திறந்தாளா, யாருக்காவது கொடுத்தாளா, நான் கேட்கவில்லை.

அவர்கள் பஸ் பிடித்துத் திரும்பி நாசரேத்தில் இறங்கும்போது தெருவே கேரல் ஆராதனைக்குப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. எல்லார் கண்ணிலும் பட்டாச்சு. தலைக் கிறிஸ்துமஸுக்குப் போன பெண், பட்டுச்சேலையோடு, அன்றைக்கே திரும்பி வருகிறாள் என்றால் ஊர் என்ன பேசும்? பெண்ணிடம் ஏதோ குறை என்று பேசும். அது எனக்குத் தோன்றவில்லை. நான் என் நியாயத்தைத்தான் பார்த்தேன். அந்த அன்னபாக்கியம் டீச்சர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள், சம்பந்திக்கு அம்மை போட்டிருக்காம், பிள்ளைகளை உள்ளே வர வேண்டாம்னு அவங்கதான் திருப்பி அனுப்பிட்டாங்க என்று.

அம்மையாம். எனக்கு. கிறிஸ்துமஸ் அன்று காலையிலிருந்து போன். அண்ணாச்சி, முத்து எத்தனை இறங்கியிருக்கு? அண்ணாச்சி, நுங்கு கிடைக்காது, இளநீர் குடியுங்க. என் சித்தப்பா மகன் ஒரு கட்டு வேப்பிலையோடு வந்து கேட்டில் செருகிவிட்டுப் போனான். சபையில் மூப்பன் அவன். சூரியன் வேண்டாம் என்று சொன்ன என் வீட்டு வாசலில் மாரியம்மன் வேப்பிலை. நான் பிடுங்கி எறிந்தேன். தண்ணீர் ஊற்றும்வரை எறியக் கூடாது என்று எதிர் டீக்கடை சங்கரலிங்கம் எடுத்து மறுபடியும் செருகினான்.

அன்றைக்கு நான் சபைக்குப் போகவில்லை. மணி அடித்தது, காதில் விழுந்தது. எழுதி முடிக்காத ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பகலுக்குச் சோறும் ரசமும். நானே சொன்னதுதான், மற்ற நாளைப் போல இருக்க வேண்டும் என்று. இருந்தது. ரசத்தில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

ஜனவரியில் பிள்ளைகள் வரவில்லை. பிப்ரவரியில் வரவில்லை. வீட்டுக்காரி புழக்கடையில் போய் நின்று போனில் பேசுவாள். எனக்குக் கேட்பதெல்லாம் ம், ம் என்பதுதான். மார்ச்சில் ஒருநாள் சோறு போடும்போது, பெர்சிஸ் முழுகாமல் இருக்கிறாள் என்றாள். எத்தனை மாசம் என்றேன். மூணு என்றாள். என்னிடம் ஏன் அவள் சொல்லவில்லை என்றேன். குழம்பு ஊற்றினாள்.

நான் கணக்குப் போட்டேன். செப்டம்பரில் பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. ஏழாம் மாசம் கூட்டிவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், பழசை யார் பேசப்போகிறார்கள். பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கட்டிலை இறக்கி, ஆடுகிற காலுக்கு ஆப்பு வைத்தேன். அவள் சின்னப் பிள்ளையில் ஜன்னல்பக்கம்தான் படுப்பாள். அங்கே போட்டேன். ஜூனில் கூட்டிவர நாள் கேட்டுச் சம்பந்தியம்மாவுக்கு எழுதினேன்.

இந்தத் தடவை பதில் வந்தது. பதிவுத் தபாலில். அன்னபாக்கியம் டீச்சர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதையும் சொல்ல வேண்டும். ஒன்று இரண்டு என்று நம்பர். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்துக்கு வேதத்தில் ஆதாரம் எது? மரியாள் தாய் வீட்டுக்குப் போய்ப் பிரசவிக்கவில்லை, புருஷனோடு போன இடத்தில் பிரசவித்தாள். புறஜாதியார் வழக்கத்தை விசுவாசி கைக்கொள்ளலாகாது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஆதாரம் காட்டும்வரை பெண் இங்கேயே இருப்பாள். கடைசியாக ஒரு சந்தேகம். இணைப்பைப் பார்க்கவும்.

இணைப்பு என்னவென்றால் நான் டிசம்பரில் எழுதின கடிதம். திருப்பி அனுப்பியிருக்கிறாள். நான் எழுதினதில் ஒரு பிழை இல்லை. ஆனால் தாளின் தலையில், நடுவில், சிவப்பு மையால் ஒரு வட்டம். பரீட்சைத் தாளில் போடுவாளே அந்த வட்டம். வட்டத்துக்குள்ளே என் கையால் எழுதின ஓர் எழுத்து.

உ.

பிள்ளையார் சுழி. உமக்குத் தெரியாததா. அதன் கீழேதான், கிறிஸ்துவுக்குள் அன்பான சம்பந்தியம்மாவுக்கு, என்று ஆரம்பித்து, புறஜாதி வழக்கத்தைக் கண்டித்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

அப்போதுதான் அறிவிப்புப் பலகை ஞாபகம் வந்தது. அந்த வில்லங்கச் சான்று. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள். மேல் ஓரத்தைப் பார்த்த ஐயர். அதையும் தாளின் தலையில் சுழித்துவிட்டுத்தான் ஆரம்பித்திருப்பேன். சபைச் சுவரில் ஒரு வாரம் தொங்கியிருக்கிறது. நானே குண்டூசி குத்தினது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சிதம்பரம் பிள்ளை. தாளை எடுத்தால் முதலில் உ போடு என்பார். பேனா ஓடுகிறதா, மை கட்டியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். நாற்பத்திரண்டு வருஷம் போட்ட கை. மனசுக்குத் தெரியாமல் போட்டுவிடுகிறது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். கடிதத்தைக் காட்டி, நீ இதை அன்றைக்கு வாசித்தாயே, பார்க்கவில்லையா என்றேன்.

"பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஒட்டினேன்."

எப்படி இருக்கிறது பாரும். நாற்பத்தொரு வருஷம் ஒரே கூரை. சொல்லியிருக்கலாமே என்றால், நீங்க கேட்கலையே என்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இது என்ன சாமியா என்று கத்தினேன். எந்தக் காலத்திலோ எவனுக்கோ இது பிள்ளையாராக இருந்திருக்கும். என் கையில் இது வெறும் சுழி, பேனாவைச் சரிபார்க்கிற சுழி. நான் என்ன எண்ணத்தில் போடுகிறேன் என்பதுதானே முக்கியம் என்றேன்.

"ஐயரும் அதைத்தானே சொன்னாரு," என்றாள்.

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் கடிதத்தை மடித்து மேசைக்குள் போட்டுப் பூட்டினேன். அது வேறு, இது வேறு. எப்படி வேறு என்று சொல்லலாம்தான், அவள் அடுப்படியில் இருந்தாள். அவ்வளவுதான். அதை வைத்து நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதேயும்.

சாயங்காலம் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். டிசம்பர் இருபத்தைந்து உங்களுக்கு ஆகாது, சரி. ஆண்டவர் பிறந்தது என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது, அதுவும் சரி. வில்லங்கம் இல்லாத ஒரு தேதியை நீங்களே எழுதிக் கொடுங்க, அன்றைக்குத் தலைக் கிறிஸ்துமஸ் வைத்துக்கொள்ளுகிறேன், வைத்தால்தான் பிள்ளை வருவாள், நான் சம்பந்தியம்மாவிடம் பேசிவிட்டேன் என்றாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இது என்ன பெரிய காரியம். வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் கிடக்கிறது, ஒன்று அகப்படாதா? தேட ஆரம்பித்தேன்.

பதினோரு நாள் தேடினேன். பஞ்சாங்கம் ஒன்று வாங்கினேன். கடையில் சங்கரலிங்கம் தாள் கிழிக்கிற காலண்டர் வைத்திருப்பான், அதைக் கேட்டு வாங்கினேன். எங்கள் சபை அல்மனாக்கை எடுத்துக்கொண்டேன். மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு முத்திரைத்தாள் வியாபாரி இருக்கிறார், அவரிடம் அவர்கள் காலண்டரும் வாங்கினேன். ஒவ்வொரு தேதியாக வில்லங்கம் பார்த்தேன். ஒரு தேதி காலி இல்லை ஐயா. ஒரு நாள் பிரதோஷம். ஒரு நாள் சஷ்டி. ஒரு நாள் ஏகாதசி. அமாவாசை ஒருவனுக்கு, பௌர்ணமி ஒருவனுக்கு. ஏதோ ஊரில் அம்மன் கொடை, ஏதோ தர்காவில் கந்தூரி, ஏதோ கோவிலில் தேர். ஒன்றுமே இல்லாத நாளைப் பிடித்துவிட்டேன் என்று பார்த்தால் அதை ரோமன் கத்தோலிக்கர் ஒரு அர்ச்சிஷ்டவருக்கு, அதாவது புனிதருக்கு, எழுதிவைத்திருக்கிறார்கள்.

தேதியை விடு, கிழமையைப் பார்ப்போம் என்று பார்த்தால் அது இன்னும் மோசம். ஞாயிறு என்றாலே சூரியன். நான் எவனை ஆக்கிரமிப்புக் கேஸில் முதல் பார்ட்டியாகப் போட்டேனோ அவன் பெயரில்தான் அறுபத்தேழு வருஷமாகச் சபைக்குப் போய்வந்திருக்கிறேன். திங்கள் சந்திரன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஒன்பது கிரகத்தில் ஏழு பேர் வாரத்தைப் பாகம் பிரித்துப் பட்டா வாங்கியிருக்கிறார்கள். மிச்ச இரண்டு பேர் ராகு காலம், எமகண்டம் என்று தினமும் ஒன்றரை மணி நேரம் உள்குத்தகை. என்ன கேவலம் இது. ஒரு சென்ட் இடம் சுத்தமாக இல்லை.

பதினோராம் நாள் அந்த வெள்ளைத்தாள் அப்படியே இருந்தது. எதுவும் எழுதவில்லை. இல்லை, எழுதியிருந்தேன். தலையில் ஓர் உ.

வீட்டுக்காரி எடுத்துப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. எனக்கு எதிரே, உம்மைப் போல, கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நிலமெல்லாம் சர்க்காருது, நமக்குப் பட்டா மட்டும்தான்னு வர்றவங்க எல்லார்ட்டயும் சொல்லுவீங்களே. நாளும் அப்படித்தான். படைச்சவர் ஒருத்தர். முன்னால யார் குடியிருந்தா நமக்கென்ன? அவர் கொடுத்தா இருப்போம். இப்ப எனக்கு எம் பிள்ளை வரணும்."

பன்னிரண்டு வருஷம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தால் அனுபவ பாத்தியம் என்பதும் நீங்க சொன்னதுதான், கிறிஸ்துமஸை ஆயிரத்தறுநூறு வருஷமாக அனுபவித்தாச்சு என்று எழுந்து போகும்போது சொன்னாள். சர்க்கார் நிலத்துக்குப் பன்னிரண்டு இல்லை, முப்பது வருஷம் என்று திருத்தினேன். அப்படியே வையுங்க என்றாள்.

தேதி அவளே வைத்துவிட்டாள். ஜூலையில் இரண்டாவது சனிக்கிழமை. ஏன் என்று கேட்டால் மருமகனுக்கு பாங்க் லீவாம். சனி என்றால் யார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். தெரியும், முறுக்கு மாவு பிசைய வேண்டும், தள்ளுங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறினாள். அறுபத்திரண்டு வயசு, முழங்கால் வலி. என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன், விழுந்து தொலைத்தால் ஆஸ்பத்திரிக்கு நான்தானே அலைய வேண்டும். ஸ்டாரை அந்த ஆணியில் மாட்டினாள். பல்பைப் போட்டாள். ஜூலை மாசம், எதிரே ஆடிக் கொடைக்குக் கால்நாட்டி அம்மன் கோவிலில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே ஸ்டார் எரிகிறது. சங்கரலிங்கம் டீ ஆற்றுகிறதை நிறுத்திவிட்டு வந்தான். இப்ப என்ன அண்ணாச்சி விசேஷம் என்றான். தலைக் கிறிஸ்துமஸ் என்றேன். இப்பவா என்றான். உமக்கு என்ன ஓய் என்றேன். ஒன்றுமில்லை, எங்க பக்கம் தலை ஆடி உண்டு, புதுப்பெண்ணைக் கூட்டிவந்துருவோம், நீங்களும் அதுக்குத்தான் வந்துட்டீங்களோன்னு பார்த்தேன் என்றான்.

பார்த்தீரா. கடைசியில் அந்த நாளும் காலி இல்லை.

சனிக்கிழமை காலையில் ஆட்டோ வந்தது. அதே ஆட்டோக்காரனா என்று பார்த்தேன், இல்லை. கேட்டைத் திறந்தே போட்டிருந்தேன். மருமகன் உள்ளே வராமல் வெளியே நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே சொல்லுகிறான்.

"தலைக் கிறிஸ்துமஸுக்குத்தான் மாமா வந்தோம்."

பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று சொன்னேன் அல்லவா. உள்ளே வாரும், வெயில் என்றேன். பெர்சிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெள்ள இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. நிலைக்கு மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். படி உயரம், பிடிக்க வேண்டியதுதான். பின்னால் அன்னபாக்கியம் டீச்சர் இறங்கி, உங்களுக்கு அம்மை இறங்கிட்டுதா அண்ணாச்சி என்று கேட்டாள். கேட்கிறவளைப் பாரும். இறங்கிட்டுது என்றேன்.

சவுக்குக் கிளையில் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். எனக்கு இப்போதும் அருவருப்புதான், அதில் மாற்றம் இல்லை. கேக் தின்றேன், சீனி அதிகம். பிள்ளை இப்போது பின்கட்டில் ஜன்னல்பக்கம் படுத்திருக்கிறாள், அதனால்தான் உம்மை மெதுவாகப் பேசச் சொன்னேன். ஸ்டாரைக் கழற்றலாமா என்று போன வாரம் கேட்டேன். குழந்தை பிறந்து வீட்டுக்கு வரும்போது வாசலில் வெளிச்சம் இருக்கட்டும், அதுவரை தொடக் கூடாது என்று உத்தரவு.

முப்பதைக் கூப்பிட்டாச்சு. எழும்பும். உம் அப்பா வீட்டுக்கு மூலப்பத்திரம் இல்லாவிட்டால் பரவாயில்லை, அனுபவம் இத்தனை வருஷம் என்று பேசிக்கொண்டே எழுதிவிட்டேன். தாளின் தலையில் வழக்கம்போலச் சுழித்திருக்கிறேன், அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

வந்ததும் ஒன்று கேட்டீர், ஸ்டார் யார் கட்டினது என்று. கட்சிக்காரர் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பத்திரம் செல்லாது. நாற்பத்தொரு வருஷத்தில் நான் அவள் பெயரை வாயால் கூப்பிட்டதில்லை. எழுதிக்கொள்ளும். பாளையங்கோட்டை, ஏசுவடியான் மனைவி, ஞானப்பூ.